பெயரில்லாப் புகழும் கூலியில்லா உழைப்பும்

புகழை விலைக்கு வாங்கலாம் என்பதைச் செல்வம் படைத்தோர் என்றோ அறிந்து கொண்டனர். அப்படி வாங்கிய புகழை, வாங்கிய சுவடே தெரியாமல், ஊரார் நாவில் தானாகப் பிறந்தது போலக் காட்டும் வித்தையைச் சென்ற நூற்றாண்டு ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தது. அத்தொழிலுக்கு 'மக்கள் தொடர்பு' என்று பெயர். பெயர் என்னவோ அழகியதுதான். மக்களோடு தொடர்பு கொள்வதை எவர் வேண்டாம் என்பார்? ஆனால் பெயரின் அழகில் மயங்கிப் பொருளை ஆராயாமல் விடுவது அறிவுடையோர் செயலன்று.

இதைப் பற்றி இப்பொழுது எழுத வேண்டிய தேவை என்ன? நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல், அன்னவாசல் போன்ற ஊர்களிலிருந்து நம் பிள்ளைகள் இன்று பலவகைப் படிப்புகளுக்குச் செல்கின்றனர். பொறியியலும் வணிகவியலும் மட்டுமே கதி என்றிருந்த காலம் போய், இதழியலும் ஊடகவியலும் பயிலச் செல்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய மாற்றம். படிப்பின் ஒரு பகுதியாக, அல்லது படிப்பு முடிந்த கையோடு, அவர்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள மக்கள் தொடர்பு நிறுவனங்களில் ஒரு மாதம், இரண்டு மாதம் எனப் பயிற்சிக்கு அமர்கின்றனர். 'இன்டர்ன்ஷிப்' என்பார்கள். அங்கே அவர்கள் எதைக் கற்கின்றனர், எதைக் கொடுக்கின்றனர், எதைப் பெறுகின்றனர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

எம்மிடம் இளமையில் ஓதிய மாணவர் ஒருவர் அத்தகைய நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்கு இருந்தார். அங்கே கழிந்த ஒரு வாரத்தை அவர் வரிசையாக எடுத்துரைத்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பத்துப் பன்னிரண்டு நாளேடுகளைப் புரட்டி, வாடிக்கையாளரின் பெயர் வந்த இடங்களையெல்லாம் குறித்துக் கொடுக்க வேண்டும். செவ்வாயன்று செய்திக்குறிப்பு எழுத வேண்டும். முதலாளி ஒருபோதும் சொல்லாத சொற்களை அவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் அமைக்க வேண்டும். புதனன்று பட்டியலில் உள்ள நிருபர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசி, "குறிப்பு வந்து சேர்ந்ததா? எப்போது வெளிவரும்?" என்று இரக்க வேண்டும். வியாழனன்று நட்சத்திர விடுதியில் பத்திரிகையாளர் கூட்டம். வாசலில் நின்று வருவோர் பெயரை எழுதி, பையும் பரிசும் கொடுக்க வேண்டும். வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் போய் வந்த நேரத்தை இரவில் இருந்து ஈடுகட்ட வேண்டும். சனியன்று, வெளிவந்த செய்திகளின் நீள அகலங்களை அளந்து, அவ்வளவு இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எத்தனை லட்சம் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். ஞாயிறும் ஓய்வில்லை. கைபேசியில் பல பெயர்களில் கணக்குத் தொடங்கி, வாங்காத பொருளை வாங்கி மகிழ்ந்ததாகப் பாராட்டு எழுத வேண்டும்.

"கூலி எவ்வளவு தம்பி?" என்றேன்.

"கூலி இல்லை ஹஜ்ரத். கடைசியில் சான்றிதழ் தருவார்கள்" என்றார்.

அறைவாடகையும் உணவும் பேருந்துச் செலவும் வளைகுடாவில் வெயிலில் நிற்கும் அவர் தந்தையின் சம்பாத்தியத்திலிருந்து போயின. ஏழைத் தந்தை பணம் அனுப்பிப் பணக்கார நிறுவனத்துக்கு ஆள் வைத்துக் கொடுத்தார் என்பதன்றி இதற்கு வேறு பெயர் உண்டா?

முதலில் கூலியைப் பற்றிப் பேசுவோம். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் வீட்டுக் குழந்தையும் அறிந்த நபிமொழி. மறுமை நாளில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவிப்பதாகவும், அம்மூவரில் ஒருவன், ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவன் என்றும் புகாரி கிரந்தத்தில் வருகிறது. கூலி ஒப்பந்தமாகிய இஜாராவில் வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் நிபந்தனை இடுகின்றன. அவ்வொப்பந்தம் குறைபட்டுப் போனால், அத்தகைய வேலைக்கு ஊரில் என்ன கூலியோ அந்த 'உஜ்ரத்துல் மிஸ்ல்' கொடுக்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. உழைப்பு மட்டும் உறுதி, ஊதியம் மட்டும் இல்லை என்னும் ஏற்பாட்டைச் சான்றிதழ் என்னும் ஒரு தாளால் மூடி மறைக்க இயலுமா?

இதற்கு ஒரு மறுப்பு எழும். "மதரஸாவில் நீங்கள் உஸ்தாதுக்குக் கித்மத் செய்யவில்லையா? அதற்குக் கூலி வாங்கினீர்களா?" என்பார்கள். நல்ல கேள்வி, விடையும் தெளிவானதே. மதரஸா தன் மாணவனுக்கு உணவும் இடமும் கொடுத்துக் கல்வியும் கொடுத்தது. உஸ்தாதுக்குத் தண்ணீர் எடுத்து வைத்த மாணவனின் உழைப்பை உஸ்தாது வேறொருவருக்கு விற்றுக் காசாக்கவில்லை. இங்கோ, பயிற்சி மாணவன் வெட்டிய செய்தித் துணுக்கும், பேசிய தொலைபேசியும், தயாரித்த அறிக்கையும் வாடிக்கையாளருக்கான சேவையில் சேர்ந்து விலையாகின்றன. விலை பெறுகின்ற உழைப்புக்குக் கூலி இல்லை என்பது கற்பித்தல் அன்று; சுரண்டல்.

அரசாங்கமே இதை உணர்ந்துள்ளது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அதன் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவர்களுக்கு உதவித்தொகை கட்டாயம் என்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிற்சித் திட்டம், பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெறும் இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் என வகுத்தது. அத்தொகை போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் பயிற்சிக்கு வந்தவனும் உண்ண வேண்டும், தங்க வேண்டும் என்னும் எளிய உண்மை அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. இவ்வேலிக்கு வெளியே தனியாக ஏற்பாடு செய்துகொள்ளும் 'இன்டர்ன்ஷிப்'புகளில்தான் கூலியில்லா வழக்கம் கொழிக்கிறது.

இனி அவ்வேலையின் உள்ளீட்டுக்கு வருவோம். ஹதீஸ் கலை பயின்றோர் 'தத்லீஸ்' என்னும் சொல்லை அறிவர். ஓர் அறிவிப்பாளர் தாம் உண்மையில் எவரிடமிருந்து கேட்டாரோ அவரை மறைத்துவிட்டு, மேலே உள்ள பெரியவரிடமிருந்தே பெற்றது போலத் தோன்றும்படி அறிவிப்பதற்குத் தத்லீஸ் என்று பெயர். சொன்ன செய்தி சில வேளை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் வழியை மறைத்தது குற்றம். ஷுஃபா (ரஹ்) போன்ற பெருமக்கள் இதை மிகக் கடுமையாகக் கண்டித்தனர். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள், தத்லீஸ் செய்தோரை ஐந்து படித்தரங்களாகப் பிரித்துத் தனி நூலே எழுதினார்கள். செய்தி மட்டும் போதாது, அது வந்த வழியும் தெரிய வேண்டும் என்பதில் நம் முன்னோர் காட்டிய கண்டிப்பு அத்தகையது. அதே சொல் வணிகச் சட்டத்திலும் வருகிறது: பொருளின் குறையை மறைத்து விற்பதும் தத்லீஸே.

மக்கள் தொடர்பு நிறுவனம் எழுதிய குறிப்பு, நிருபரின் பெயரில், நாளேட்டின் செய்தியாக வெளிவரும்போது நடப்பது என்ன? பணம் கொடுத்தவர் மறைகிறார், எழுதியவர் மறைகிறார், பத்திரிகையின் நம்பகம் மட்டும் வெளியே தெரிகிறது. இது தத்லீஸ் அன்றி வேறென்ன?

சந்தையில் மாட்டை விற்கப் போகுமுன் பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவன் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீர்ப்பும் அளித்தார்கள். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவன், பிறர் ஏமாற வேண்டும் என்று விலையை ஏற்றிக் கேட்பதை 'நஜ்ஷ்' என்று பெயரிட்டு விலக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பல பெயர்களில் பாராட்டு எழுதிய அந்த வேலைக்கு நஜ்ஷ் என்பதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழியில் தேடுவது? மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள்கூட, விலையைத்தான் மறைக்கிறார்கள், முகத்தை மறைப்பதில்லை.

இத்தொழிலின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் இத்தொழிலின் முன்னோடியாகிய ஐவி லீ, 1906இல், தம் பணி இரகசியமானதன்று, எல்லாம் வெளிப்படையாகவே நடைபெறும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டார். அடுத்த எட்டாண்டுகளில் சோதனை வந்தது. 1914 ஏப்ரலில் கொலராடோவின் லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. பெண்கள் இருவரும் குழந்தைகள் பதினொருவரும் ஒரே குழிக்குள் மூச்சடைத்து மாண்டனர். சுரங்க முதலாளியான ராக்பெல்லர் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற லீ அமர்த்தப்பட்டார். அவர் பரப்பிய அறிக்கைகளில் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பற்றிய எண்கள் பொய்யானவை என்பது பின்னர் அம்பலமாயிற்று. கொள்கை அறிக்கை காகிதத்தில் இருந்தது; கூலி வேறிடத்திலிருந்து வந்தது.

நம் இதயத்தை இன்னும் நெருங்கிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 1990 அக்டோபர் 10 அன்று, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் குழுவொன்றின் முன்னால் நைரா என்ற பெயருடன் பதினைந்து வயதுக் குவைத்துப் பெண்ணொருத்தி அழுதபடி சாட்சி சொன்னாள். ஈராக்கியப் படையினர் மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளைப் பேணும் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் விட்டுச் சாகடித்ததைக் கண்ணால் கண்டதாகக் கூறினாள். உலகம் கொதித்தது. 1991 ஜனவரியில் போர் மூண்டது. ஓராண்டு கழித்து, 1992 ஜனவரியில்தான், அப்பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அச்சாட்சியத்தின் பின்னால் குவைத் அரசின் பணத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்ற ஹில் அண்ட் நோல்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்தது என்பதும் வெளியாயின. அக்குற்றச்சாட்டை முதலில் ஏற்றுப் பேசிய ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பின்னர் அதைத் திரும்பப் பெற்றது. சதாம் ஹுசைனின் படை குவைத்தில் செய்த கொடுமைகள் பொய்யல்ல. அவற்றை உள்ளபடி சொன்னாலே போதுமாயிருந்தது. ஆனால் மெய்யான துயரத்தின் மேல் பொய்யான சாட்சியத்தை ஏற்றியதால், மெய்யையும் நம்ப மக்கள் தயங்கும்படி ஆயிற்று. பாத்திமா, அப்துல்லாஹ் எனப் பெயர் தாங்கிய எத்தனை ஆயிரம் குழந்தைகள் அப்போரிலும் அதன்பின் வந்த பொருளாதாரத் தடையிலும் மாண்டனர் என்பதை எண்ணும் நெஞ்சம், 'இது வெறும் பேனா வேலைதானே' என்று சொல்லத் துணியாது.

2017இல் பெல் பாட்டிஞ்சர் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம், நம் நாட்டின் சஹாரன்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா சென்று செழித்த குப்தா குடும்பத்துக்காக அந்நாட்டில் இனப்பகையை மூட்டும் பிரசாரத்தை நடத்தியது எனக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அது தன் தொழிற்சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டு, சில நாட்களில் நொடித்து வீழ்ந்தது. நம் நாட்டிலோ, 2009 தேர்தல்களின்போது வேட்பாளர்களிடம் பணம் பெற்றுப் புகழுரைகளைச் செய்தியாகவே அச்சிட்ட வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு 2010இல் ஆராய்ந்தது. பணம் வாங்கிய ஏடுகளைப் பெயர் சொல்லிக் குறித்த அக்குழுவின் முழு அறிக்கையை மன்றம் உடனே வெளியிடவில்லை. தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பின் 2011இல்தான் அது வெளிச்சம் கண்டது. மறைப்பைப் பற்றிய அறிக்கையும் மறைக்கப்பட்டது!

நம் சமுதாயத்துப் பெரியவர்கள் சிலர் என்னோடு மாறுபடுவர். "ஹஜ்ரத், ஊடகங்கள் நம்மை நாளெல்லாம் தூற்றுகின்றன. நமக்கும் இக்கலை தெரிந்த பிள்ளைகள் வேண்டாமா? நம் மீதுள்ள பழியைத் துடைக்க மக்கள் தொடர்பு நிறுவனங்களை நாமே அமர்த்த வேண்டாமா?" என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் வேதனை இருக்கிறது. அவ்வேதனையை நானும் பகிர்கிறேன். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொரோனா நோயைத் தப்லீக் ஜமாஅத்தோடு முடிச்சுப் போட்டு நம் மளிகைக் கடைக்காரனையும் காய்கறி வண்டிக்காரனையும் ஒதுக்கி வைத்த கொடுமையை எவர் மறக்க முடியும்?

ஆனால் அப்பழியைத் துடைத்தது எது? 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்றும், ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்தது என்றும் குறிப்பிட்டது. வழக்குத் தொடுத்தவர்கள் தம் பெயரில் தொடுத்தனர். வழக்கறிஞர்கள் தம் பெயரில் வாதிட்டனர். நீதிபதிகள் தம் கையொப்பத்தில் தீர்ப்பெழுதினர். ஒளிந்து செய்த தூற்றலை ஒளிவில்லாத சொல் வென்றது.

நம் மாவட்டத்திலும் சான்று உண்டு. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு ஒப்புதல் அளித்த ஹைட்ரோகார்பன் திட்டங்களில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே அவ்வூர் மக்கள் போராட்டத்தில் அமர்ந்தனர். தம் ஊரில், தம் மண்ணில், தம் முகத்தோடும் பெயரோடும் பேசினர். நாடே திரும்பிப் பார்த்தது. 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, திருவரங்குளம், கறம்பக்குடி உள்ளிட்ட நம் மாவட்டத்து ஒன்றியங்களும் அதில் இடம்பெற்றன. அந்த விவசாயிகளுக்கு மக்கள் தொடர்பு தெரியாதா? மிக நன்றாகத் தெரிந்திருந்தது. மறைப்புத்தான் தெரியாது.

ஆகவே பிரசாரமே கூடாது, புகழ்ச்சியே கூடாது என்று நான் வாதிடவில்லை. உமறுப்புலவர் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைச் சீறாப்புராணத்துக்குள்ளேயே பெயர் சொல்லிப் போற்றியிருக்கிறார். படிப்பவன் எவனும், புலவரை ஊட்டிய கை எது என்பதை அறிந்தே படிக்கிறான், ஏமாற்றம் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் வெளியிடும் குறிப்பு, அரசின் குரல் என்று அடையாளம் தாங்கியே வருகிறது. ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். முன்னாளில் தண்டோரா போட்டவரும் யார் உத்தரவு என்பதைச் சொல்லியே செய்தியைச் சொன்னார். ஒடுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்ட அவ்வழக்கத்தைத் தமிழக அரசு 2022இல் நிறுத்தச் சொன்னது நியாயமே. ஆனால் அவர் சொன்ன முறையில் இருந்த நேர்மையை இன்றைய குளிர்பதன அறைகள் இழந்துவிட்டன.

செய்யாத செயலுக்காகப் புகழப்பட விரும்புவோரைத் திருக்குர்ஆன் ஆல இம்ரான் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. முகத்துக்கு நேரே புகழ்வோர் மீது மண்ணை வாரி இடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை, மிக்தாத் (ரலி) அவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களின் முன்னிலையிலேயே செய்து காட்டினார்கள். நேரில் நின்று புகழ்ந்தவனுக்கே மண் என்றால், மறைந்து நின்று காசுக்குப் புகழ்பவனுக்கு என்ன?

இனி இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். கூலி பெறும் ஊழியன், "இப்பொய்யை நான் எழுத மாட்டேன்" என்று சொல்ல ஓரளவேனும் உரிமை உடையவன். அவனுக்கு ஒப்பந்தம் உண்டு, சட்டம் உண்டு. சான்றிதழ் ஒன்றையே நம்பி நிற்கும் பயிற்சி மாணவனுக்கு எதுவுமில்லை. எனவே அங்குள்ள அழுக்கான வேலை அவனிடம் எளிதாக வந்து சேர்கிறது. தொழிலின் முதற்பாடமாக அவன் கற்பது, தன் பெயரை மறைத்துப் பொய்ப்பெயரில் பேசுவதை. பதினெட்டு, இருபது வயதில் இதைக் கற்றவன் நாற்பது வயதில் எதைக் கற்பிப்பான்?

செய்ய வேண்டியவை அரியனவும் அல்ல, புதியனவும் அல்ல. தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு கட்டளையிடுகிறது. காசு வாங்கிக்கொண்டு பொருளைப் பாராட்டும் சமூக ஊடகப் பிரபலங்கள் அவ்வுறவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது. சுவரொட்டிக்கும் கைபேசிப் படத்துக்கும் உள்ள விதி, செய்திக்குறிப்பிலிருந்து பிறந்த நாளேட்டுச் செய்திக்கு ஏன் கூடாது? 'இது இன்னார் செலவில், இந்த நிறுவனம் எழுதியது' என்று ஒரு வரி சேர்ப்பதால் எந்த ஏடும் நின்றுவிடாது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இத்தகைய பயிற்சிக்குப் புறப்படும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கூலி எவ்வளவு? எழுதுவது எவர் பெயரில் வரும்? மாட்டேன் என்று சொன்னால் சான்றிதழ் கிடைக்குமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை எழுத்தில் கிடைக்காவிடில், பிள்ளையை அனுப்ப வேண்டாம். நம் சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகிகளும், மதிப்பெண்ணுக்காக மாணவரை எங்கேனும் தள்ளிவிடாமல், இவ்விடைகளைப் பெற்ற பின்னரே அனுப்ப வேண்டும். நம் தொழிலதிபர்களும் தம் அலுவலகங்களில் இலவசமாக உழைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இன்றே எண்ணிப் பார்க்கட்டும். பள்ளிவாசலுக்கு வாரி வழங்கும் கை, பக்கத்து மேசையில் இருப்பவனின் கூலியை மறப்பது அழகன்று.

அந்த மாணவர் தம் பயிற்சியை முடித்துவிட்டார், சான்றிதழும் வந்தது. இப்பொழுது ஒரு சிறு ஏட்டில், குறைந்த ஊதியத்தில், தம் பெயரிட்டு எழுதி வருகிறார். அவர் எழுதியதில் பிழை இருந்தால் எவரிடம் கேட்பது என்பது வாசகருக்குத் தெரியும். மக்களோடு கொள்ளும் தொடர்பு என்பது அதுவே.

உண்மையை உரைக்கும் நாவையும், உழைத்தவனுக்கு உரியதைக் கொடுக்கும் கையையும் நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.